கிழக்கே என்றால் கீழே

போன வருடம் ஒரு பத்திரம் என் வயலைக் குளத்துக்குள் தள்ளிவிட்டது.

அப்பா போன பிறகு அண்ணனும் நானும் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் சின்ன ஊர், ஊருக்கு ஒரு குளம், குளத்தடியில் கொஞ்சம் நஞ்சை, அவ்வளவுதான் சொத்து. பதிவெல்லாம் முடிந்து பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் அண்ணன் நிதானமாக உட்கார்ந்து நான்கெல்லையை வாசித்திருக்கிறான். என் பங்குக்கு ‘குளத்துக்கரைக்கு மேற்கு’ என்று அடித்திருந்தது. போனில் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்: “ஏலே, ஒன் வயலு தண்ணிக்குள்ள கெடக்குடே. நெல்லு நடாத, மீன் குஞ்சு வாங்கி விடு.”

எங்கள் பக்கத்துக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு புரியும். மலை மேற்கே இருக்கிறது. தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. அதை மறிக்கிற கரை குளத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும். கரைக்கு மேற்கே தண்ணீர், கிழக்கே மடை, மடைக்கு அந்தப் பக்கம் வயல். ‘கரைக்கு மேற்கு’ என்று எழுதினால் அது குளத்தின் உள்வாய். அங்கே பட்டா கொடுக்க எந்தத் தாசில்தாராலும் முடியாது.

பத்திரம் எழுதியவர் நல்ல மனிதர்தான். கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே எங்கள் விவரத்தை அடித்திருக்கிறார். வேறு யாருடைய மேற்கோ எங்கள் வயலுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் சரியாகிவிடும் என்றார். அதற்கு நாங்கள் இரண்டு தடவை அலைந்தோம். அந்த அலைச்சலில்தான் ‘கிழக்கு’ என்ற சொல் எனக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

ஆச்சி இருந்திருந்தால் இந்தப் பிழையை அரை நொடியில் பிடித்திருப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் திசை தெரியாமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். இடது, வலது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. “அந்தச் செம்பக் கொஞ்சம் தெக்காம நவட்டு.” “எலையில வடக்காம உப்ப வையி.” “மேக்காம தலைய வச்சுப் படு.” வீட்டுக்குள், இருட்டில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றாலும் அவளுக்குக் கிழக்கு எது என்று தெரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் கெழக்காம, மேக்காம. கொங்குப் பக்கம் கெழக்கால, மேக்கால என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கீழண்டை, மேலண்டை.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களில் தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே தமிழ் பேசுகிறவர்களிலேயே நகரத்தார் பெரும்பாலும் இடது, வலது என்கிறார்கள். கிராமத்தார் மேசை மேல் இருக்கிற சின்னப் பொருளுக்குக்கூடக் கிழக்கு, மேற்கு சொல்கிறார்கள். என்னைச் சோதித்திருந்தால் நான் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று தெரியவில்லை. ஆட்டோக்காரரிடம் ‘லெஃப்ட்ல திரும்புங்க’ என்றுதான் சொல்கிறேன். ஊருக்குப் போய் இறங்கியதும் எனக்கே தெரியாமல் ‘தெக்காம’ வந்துவிடுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்து வந்தது. மேற்கு என்பது மேல் என்பதிலிருந்து. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்னூல் விதியைச் சொல்லிக்கொடுத்தபோதே பாதி சொல்லிவிட்டார்கள். திசைப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது ஈற்றில் உள்ள ‘கு’வும் அதை ஒட்டிய மெய்யும் போய்விடும், கிழக்கு, திசை சேர்ந்தால் கீழ்த்திசை. அப்போது எனக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு தொல்லை. இப்போது பார்த்தால் அங்கே புதிதாக எதுவும் திரியவில்லை. பின்னால் ஒட்டியதை உரித்ததும் உள்ளே இருந்த பழைய ‘கீழ்’ நெடிலோடு வெளியே வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஏன் கீழ்? தமிழ்நாட்டின் ஆறுகளைப் பார்த்தால் போதும். பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம் கிழக்கே ஓடிக் கடலுக்குப் போகின்றன. எங்கள் தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் தரையிறங்கி, புன்னக்காயலில் கடல் சேர்கிறது. மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர். அந்த ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு மேற்கு என்றால் மலை, தண்ணீர் வருகிற திசை. கிழக்கு என்றால் பள்ளம், தண்ணீர் போகிற திசை. வானத்தைப் பார்க்காமலே, மேகம் மூடிய ஐப்பசி மதியத்திலும், காலடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் கிழக்கு தெரிந்துவிடும்.

உலகத்தில் நிறையப் பேர் கிழக்குக்குச் சூரியனைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களின் ‘ஓரியண்ட்’ உதிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. துருக்கியின் பெரும்பகுதிக்கு ‘அனத்தோலியா’ என்று பெயர். அது கிரேக்க மொழியில் எழுகை. சமஸ்கிருதக்காரர்கள் வேறு மாதிரி. காலையில் கிழக்கு நோக்கி நின்ற மனிதனை நடுவில் வைத்தார்கள். முன்னால் இருப்பது பூர்வம், பின்னால் இருப்பது பச்சிமம், வலக்கைப் பக்கம் தட்சிணம். அந்த வலக்கைதான் தக்காணம் என்று தேய்ந்து ஒரு பீடபூமிக்கே பெயராகிவிட்டது. ‘உங்க பூர்வீகம் எது?’ என்று நாம் கேட்கிற கேள்விக்குள்ளும் அந்த மனிதன் கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருக்கிறான்.

தமிழனுடைய கிழக்கில் சூரியனும் இல்லை, கும்பிடுகிற மனிதனும் இல்லை. மண்வெட்டியோடு மடையடியில் நிற்கிற ஆள் வைத்த பெயர் போல இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

ஏனென்றால் நம் பழைய பாடல்களில் கிழக்குக்கு வேறு சொல் இருக்கிறது: குணக்கு. மேற்குக்குக் குடக்கு. புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்துகிறார். உன் புகழ் நான்கு திசையிலும் பரவட்டும் என்று சொல்ல வருகிறவர் நாலோடு நிறுத்தவில்லை. வடாஅது, தெனாஅது, குணாஅது, குடாஅது என்று நான்கையும் சொல்லிவிட்டு, அடுத்து ‘கீழது’ என்று பூமிக்கு அடியில் இருப்பதையும், ‘மேலது’ என்று வானுலகத்தையும் சேர்க்கிறார். ஆக ஆறு திசை. அந்தப் பாட்டில் கீழ் என்றால் கீழேதான், மேல் என்றால் மேலேதான். இரண்டுக்கும் கிழக்கு மேற்கோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புலவர் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்று வியந்துகொண்டே பல நாள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதைவிட எனக்குப் பிடித்த சாட்சி குறளில் இருக்கிறது. காலமறிதல் அதிகாரம், 488-ஆவது குறள்.

‘செறுநரைக் காணின் சுமக்க இறுவரை
காணின் கிழக்காம் தலை.’

பகைவனைக் கண்டால் பொறுத்துப் போ, அவன் முடிகிற காலம் வரும்போது அவன் தலை ‘கிழக்காம்’. இதைச் சின்ன வயதில் வாசித்தபோது, பகைவனுடைய தலை ஏன் கிழக்கே திரும்புகிறது என்று யோசித்திருக்கிறேன். பிணத்தைத் தெற்கே தலை வைத்துத்தானே கிடத்துவார்கள்? வாத்தியாரிடம் கேட்டேன். “தலை கீழாகும்னு அர்த்தம்லே, கிழக்கும் இல்ல மேக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போகிற போக்கில் சொன்னதுதான் விஷயமே. வள்ளுவர் காலத்தில் ‘கிழக்கு’ என்ற முழு வடிவமே கீழ்நோக்கி என்ற பொருளில் நடமாடியிருக்கிறது.

பிறகு சிலப்பதிகாரம். இங்கே இரண்டு சொல்லும் ஒரே காப்பியத்தில் அடுத்தடுத்து வாழ்கின்றன. பதிகத்தின் முதல் அடிகளிலேயே ‘குணவாயிற் கோட்டத்து’ துறவியாக இருந்த ‘குடக்கோச் சேரல்’ இளங்கோ வருகிறார். கிழக்கு வாயிலில் மேற்குச் சேரன், பழைய சொற்கள் இரண்டும் ஒரே மூச்சில். ஆனால் மதுரை எரிந்து முடிந்த பிறகு கண்ணகி வாயைத் திறக்கும்போது அவள் வேறு சொல் எடுக்கிறாள்: ‘கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு.’ கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாய்ப் போகிறேன்.

அந்த வரியை நான் எத்தனை முறை வாசித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அதற்குப் பிறகு அவள் வையையின் கரையைப் பிடித்துக்கொண்டு, இரவு பகல் பாராமல், மேடு பள்ளம் பாராமல் நடந்து மலை ஏறுகிறாள். கடற்கரைப் பூம்புகாரில் தொடங்கிய வாழ்க்கை. ஆறு வருகிற திசையில் எதிர்த்து நடந்து, மேலே மேலே போய், மலையுச்சியில் முடிகிறது. ‘குடதிசை வாயில்’ என்று இளங்கோ எழுதியிருந்தால் அதுவும் சரியான தமிழ்தான். ஆனால் அந்த ஏற்றம் சொல்லுக்குள் இருந்திருக்காது. இதை அவர் யோசித்துச் செய்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படிக் கேட்கிறது.

மார்கழியில் பெருமாள் கோவிலுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு சொல்லையும் ஒரே விடியலில் கேட்கலாம். தொண்டரடிப்பொடியாழ்வார் ‘கதிரவன் குணதிசைச் சிகரம் வந்து அணைந்தான்’ என்று பெருமாளை எழுப்புகிறார். ஆண்டாள் ‘கீழ்வானம் வெள்ளென்று’ என்று தோழியை எழுப்புகிறாள். ஆழ்வாருக்குச் சூரியன் மலையுச்சியில் வந்து நிற்க வேண்டும். ‘கீழ்த்திசைச் சிகரம்’ என்று சொல்லியிருந்தால் காதுக்கு இடறும். ஆண்டாளுக்கு எருமை மேயப் போகிற நேரம். பனிப்புல்லுக்கு மேலே, தரையோடு தரையாக வெளுக்கிற வானம். அவளுக்குக் கீழ் போதும். அவளுடைய கீழ்வானம் கிழக்கு வானமா, தாழ்ந்த வானமா என்று கேட்டால் இரண்டும்தான்.

பிறகு குணக்கு மெல்ல மங்கிப் போனது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது ‘கீழ்பாற்கெல்லை’, ‘மேல்பாற்கெல்லை’ என்றுதான் வரும். கோவிலைச் சுற்றிக் கீழவீதி, மேலவீதி. மதுரையில் கீழமாசி, மேலமாசி. குடக்கு ஊர்ப்பெயர்களில் ஒளிந்துகொண்டு தப்பித்தது. குடகு அங்கேயே இருக்கிறது. திருவாரூர்ப் பக்கத்துக் குடவாசலுக்குக் கருடன் கொண்டுவந்த அமுதக் குடத்தை வைத்துத் தலபுராணம் சொல்கிறார்கள். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறை கிடந்த ‘குடவாயில்’ அது என்பது பழைய செய்தி. குடவாயில் என்றால் மேலை வாசல். புராணம் குடத்தைப் பிடித்துக்கொண்டது, திசையை விட்டுவிட்டது.

குணக்கு ஏன் போனது, கிழக்கு ஏன் நின்றது? வயலும் வாய்க்காலும் குளமும் பெருகப் பெருக, நிலத்தைப் பிரிக்கவும் எல்லை சொல்லவும் எழுதவும் ஆட்கள் கூடக் கூட, தண்ணீரின் வழியைச் சொல்கிற சொல்தான் தினமும் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான். அதே சரிவில், அதே கிழக்குக் கடலைப் பார்த்தபடி கிருஷ்ணாவும் கோதாவரியும் ஓடுகிற தெலுங்கு நாட்டில் கிழக்கைத் தூர்ப்பு என்கிறார்கள்; மேற்கைச் சூரியன் படுவதை வைத்துப் படமர என்கிறார்கள். அங்கே கீழும் இல்லை, மேலும் இல்லை. நிலம் ஒரு சொல்லை நம் கையில் கொடுக்கும், அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது போல.

இந்தச் சொல் என்னை உண்மையாகவே குழப்பியது கேரளத்துச் சங்கனாசேரியில்தான். எட்டு வருடம் அங்கே ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போக வர, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று பஸ்தான். மீட்டர்கேஜ் ரயிலை 2010-இல் நிறுத்திவிட்டார்கள். அகலப்பாதை முழுதும் திறந்தது 2018-இல். செங்கோட்டையிலிருந்து பஸ் மேற்கே போகப் போக மேலே ஏறும். மேற்கு, மேல், எல்லாம் பொருத்தமாக இருக்கும். ஆரியங்காவு தாண்டியதும் பஸ் இறங்கத் தொடங்கும். இன்னும் மேற்கேதான் போகிறேன், ஆனால் கீழே போகிறேன். என் தமிழ் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்குக் குலுக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழ். கேரளத்தில் 44 ஆறுகள், அவற்றில் 41 மேற்கே ஓடுகின்றன. மலை கிழக்கே. கடல் மேற்கே. ஆனால் கிழக்குக்கு அவர்களும் கிழக்கு என்றுதான் சொல்கிறார்கள். மலையைப் பார்த்துக் கையைக் காட்டி, ‘கீழே’ என்று பொருள்படும் சொல்லைச் சொல்கிறார்கள். திருவனந்தபுரத்தில் நகரப் பஸ் நிலையம் இருக்கிற இடம் கிழக்கேகோட்டை. வீட்டுப்பெயர்கள் கிழக்கேதில், கிழக்கேடத்து.

2018 ஆகஸ்ட் மழை. நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி, நாங்கள் சேச்சி என்போம், குட்டநாட்டுக்காரர். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் ஊர். வாசலில் நின்றுகொண்டு யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “கிழக்கன் வெள்ளம் வரும், எல்லாரும் இங்ஙோட்டு போரு.” எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள் என்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளில் மலையிலிருந்து புரண்டு வருகிற நீருக்குக் குட்டநாட்டில் அதுதான் பெயர், கிழக்கன் வெள்ளம். கடலிலிருந்து ஏறி வருகிற உப்புநீர் ஓருவெள்ளம். அடுத்த இரண்டு நாளில் குட்டநாடு முழுவதும் படகில் ஏறிச் சங்கனாசேரிக்கு வந்ததுபோல இருந்தது. எங்கள் வீட்டு மாடியிலும் மூன்று குடும்பங்கள். இரவு தூக்கம் இல்லாமல் கிடந்தபோது என் தலைக்குள் இந்தக் கிறுக்குத்தனம் ஓடிக்கொண்டிருந்தது: கிழக்கன் வெள்ளம், கீழிருந்து வரும் நீர், மேலிருந்து வந்து ஊரை மூடுகிறது. அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமில்லை. சொல்லவும் இல்லை.

இந்த முரணை முதலில் அச்சில் எடுத்து வைத்தவர்களில் ஒருவர் கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். மேற்கே மலைத்தொடரை அவரும் தினம் பார்த்திருப்பார். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் இந்தச் சொல்லை வைத்து ஒரு முடிவுக்கும் வந்தார். மலை கிழக்கே இருக்கும்போது மலையாளிகள் கிழக்கைக் ‘கீழ்’ என்கிறார்கள் என்றால், அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். ஆகவே மலையாளிகளின் முன்னோர் கிழக்கிலிருந்து மலை தாண்டிப் போனவர்கள்.

முதல் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டாம் பாதியில் அவசரம் தெரிகிறது. சொல் பயணம் போக ஆள் கூடவே போக வேண்டும் என்று இல்லை. சேர இளவரசர் என்று மரபு சொல்கிற இளங்கோவே கீழ்த்திசை, மேல்திசை என்று எழுதியிருக்கிறார். புலவரும் வணிகரும் உப்பு விற்கிற உமணரும் மலைக்கணவாய்களில் போய் வந்துகொண்டே இருந்த காலம். இருபுறமும் புழங்கிய ஒரு தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே திசைப்பெயராக இறுகிப் போயிருந்தால், சரிவு மாறினாலும் சொல் மாறாது. நாம் பேனா இல்லாமல் கணினியில் தட்டியும் ‘எழுதினேன்’ என்று சொல்வதில்லையா?

ஆனால் மலையாளம் பாதிதான் ஏமாந்தது. கிழக்கை வைத்துக்கொண்டது, மேற்கை மாற்றிக்கொண்டது. அங்கே மேற்கு என்றால் படிஞ்ஞாறு. படு ஞாயிறு, அதாவது சூரியன் படுகிற பக்கம். கடலில் சூரியன் விழுவதைத் தினம் பார்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தை ‘மேல்’ என்று சொல்ல வாய் வராமல் போயிருக்கலாம். கிழக்கே ஒரு தமிழ்ச் சரிவும் மேற்கே ஒரு சூரியனுமாக அவர்களுடைய திசைகாட்டி நிற்கிறது. சேச்சியிடம் ஒரு தடவை இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கணக்கெழுத்து கொறவாணோ இப்போ?” என்று கேட்டார். வேலை கம்மியா என்று அர்த்தம்.

கன்னடக்காரர்கள் இந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. சூரியன் மூடுவது, அதாவது முளைப்பது, மூடண. படுவது படுவண. கடற்கரை மாவட்டங்களுக்குப் போனால் மூடபித்ரி என்று ஓர் ஊர், படுபித்ரி என்று ஓர் ஊர்; கிழக்கு மூங்கில், மேற்கு மூங்கில். தமிழிலேயே சூரியனை வைத்துத் திசை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒரு மட்டக்களப்புக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊர் நீண்ட வாவியால் இரண்டாகப் பிரிந்தது. கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. உள்நாட்டுப் பக்கம், வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. ‘கிழக்கு’ என்று அவர்கள் சொன்னால் அது மாகாணத்தின் பெயர், அரசியல், ‘வடக்கு கிழக்கு’ என்று சேர்த்துச் சொல்கிற நீண்ட கதை. வீட்டுப் பேச்சுக்கு எழுவானும் படுவானும். எனக்கு அந்த இரண்டு பெயர்கள் மேல் இன்றைக்கும் பொறாமை உண்டு.

பிற்பாடு வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிழக்கு ஒன்று இதன் மேல் வந்து ஏறியது. பள்ளியில் ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று படித்தபோது, அது கிழக்கு இந்தியாவில், கல்கத்தாப் பக்கம் இருந்த கம்பெனி என்றே நினைத்திருந்தேன். என்னோடு படித்த எல்லோரும் அப்படித்தான். லண்டனிலிருந்து பார்த்தால் மொத்த இந்தியாவும் அதற்கு அப்பால் இருக்கிற தீவுகளும் கிழக்கு இந்தியா. கொலம்பஸ் தவறாகப் போய் இறங்கிய இடம் மேற்கிந்தியத் தீவுகள். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணி கம்பெனிக்குக் கொடுத்த பட்டயத்தோடு, நாம் இருக்கிற இடம் வேறொருவருடைய கிழக்காகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் அந்தக் கிழக்கை அப்படியே தூக்கித் தமிழில் வைத்தார்கள். சென்னையில் ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கிற அரசு நிறுவனத்துக்கு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று பெயர். நம் வீட்டுப் பரணிலிருந்து போன ஏடுகள்தான் அங்கே இருக்கின்றன. சென்னையில் நின்று கீழ்த்திசையைப் பார்த்தால் வங்காள விரிகுடா தெரியும், அதற்கு அப்பால் அந்தமான், பர்மா. நம் சுவடிகள் நமக்கே எப்படிக் கீழ்த்திசை ஆயின?

அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ‘ஓரியண்ட்’ என்றபோது ஐரோப்பியன் சொன்னது சூரியன் எழும் நாடு. அதில் அவனுடைய ஆணவம் எவ்வளவு கலந்திருந்தாலும் சொல்லுக்குள் ஓர் எழுகை இருந்தது. நாம் அதைக் கீழைநாடு, கீழைத்தேயம் என்று மாற்றியதும் எழுகை போய் இறக்கம் வந்துவிட்டது. எழுவான்தேயம் என்று யாராவது வைத்திருக்கலாம். மட்டக்களப்புக்காரர் யாரும் அந்த மேசையில் இல்லை போலிருக்கிறது.

‘மத்திய கிழக்கு’ இன்னும் மோசம். ஆல்ஃபிரட் மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1902-இல் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிறார்கள். விமானம் கடலைத் தாண்டி மேற்கே போகிறது. செய்தியில் மட்டும் அவர்கள் கிழக்கில் இருக்கிறார்கள். இந்திய வெளியுறவுத்துறை மேற்கு ஆசியா என்று சரியாகத்தான் சொல்கிறது. தமிழ்த் தொலைக்காட்சிகள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை போனபோது அண்ணன் அப்பாவின் பழைய பத்திரத்தையும் எடுத்து வந்திருந்தான். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியது. அதில் எங்கள் வயலுக்கு நான்கு எல்லையும் ஒரு பிழை இல்லாமல் இருந்தது. அதை எழுதியவர் வயலைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான். பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்பது என் எண்ணம். குளம் என்று கேட்டதும் வயல் எந்தப் பக்கம் என்று அந்தக் கை தானாக எழுதியிருக்கும்.

எழுத்தர் புதிய தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். ‘குளத்துக்கரைக்குக் கிழக்கு’ என்று திருத்தியிருந்தார். “நல்லா ஒரு தடவ வாசிச்சிருங்க அண்ணாச்சி, மறுபடியும் அலைய முடியாது” என்றார். வாசித்தேன். எல்லைகள் சரி. சர்வே எண் சரி. அளவு சொல்கிற வரியில், பழைய பத்திரத்தில் ‘கீழ்மேல்’ என்று இருந்த இடத்தில் அவர் ‘கிழமேல்’ என்று அடித்திருந்தார். அண்ணனும் அதைக் கவனித்து விரலை வைத்து என்னைப் பார்த்தான்.

அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்.